காகமும் கொசுவும் கூகையும்

மனிதன் ஓரிடத்தில் குடியேறும்போது தனியே குடியேறுவதில்லை. அவன் அடுப்பு மூட்டிய மறுநாளே எலி வருகிறது. அவன் எச்சில் கொட்டும் இடத்தில் காகம் வந்து அமர்கிறது. அவன் வெட்டிய பள்ளத்தில் தேங்கும் நீரில் கொசு முட்டையிடுகிறது. அழையாமல் வரும் இவ்விருந்தினரை அவன் அடித்தான், சுட்டான், நஞ்சு வைத்தான், ஒன்றை ஒழிக்க மற்றொன்றைக் கொண்டுவந்து விட்டான். உழவும் ஊரும் தோன்றிய காலந்தொட்டு நடந்துவரும் போராட்டம் இது. ஆயினும், அரசர்களின் போர்களுக்கு இடம் தந்த வரலாற்று நூல்கள் இப்போருக்குப் பெரிதும் இடம் தரவில்லை.

மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவப் பெருந்தகை, நோய் இன்னதென்று அறிவதோடு நில்லாமல், அது பிறந்த காரணத்தையும் அறிந்து, அதன்பின் தணிக்கும் வழியைத் தேர்ந்து செய்ய வேண்டும் என்று கூறுகிறார். உடல் நோய்க்குச் சொன்ன இந்நெறி, வீட்டையும் வயலையும் கெடுக்கும் உயிர்களுக்கும் அப்படியே பொருந்தும். ஓர் உயிர் ஏன் நம்மிடம் வந்தது, எதைத் தின்கிறது, எங்கே பெருகுகிறது என்று அறியாமல் அதன்மேல் தொடுத்த போர் எதுவும் நெடுநாள் வென்றதில்லை. அவற்றை அறிந்து செய்த முயற்சியோ, குறைந்த கொலையில் நிறைந்த பயனைத் தந்திருக்கிறது. இவ்வுண்மைக்குச் சான்று தேடி நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. மலாயா மண்ணிலேயே அது கிடைக்கிறது.

கப்பலேறி வந்த காகம்

தமிழர்க்குக் காகம் அயலான பறவை அன்று. அமாவாசையன்று அதற்குச் சோறிட்ட பின்னரே உண்ணும் வீடுகள் இன்றும் உண்டு. விருந்து வரக் கரைந்த காக்கைக்கு ஏழு கலத்தில் நெய்ச்சோறு ஏந்தினும் போதாது என்னும் கருத்தமைந்த பாட்டு ஒன்று குறுந்தொகையிலே இருக்கிறது. அதைப் பாடிய புலவர் காக்கைபாடினியார் என்றே பெயர் பெற்றார். ஆனால், தமிழகத்திலும் ஈழத்திலும் வீட்டு முற்றத்தில் நாம் காணும் சாம்பல் நிறக் கழுத்துடைய காகம், மலாயாத் தீபகற்பத்தின் பழங்குடி அன்று. கன்னங்கரிய அண்டங்காக்கை இங்கே முன்பே இருந்தது. சாம்பற் கழுத்துக் காகமோ மனிதன் கொண்டுவந்து விட்டதால் வந்தது.

அவ்வரலாறு காப்பியோடு தொடர்புடையது. 1869ஆம் ஆண்டு முதல் இலைத்துரு நோய் பரவி இலங்கையின் காப்பித் தோட்டங்களை அழித்தது. அதன்பின் அங்கிருந்த துரைமாருள் சிலர் மலாயாவை நாடினர். 1890களில் சிலாங்கூரில், சிறப்பாகக் கிள்ளான் வட்டாரத்தில், லைபீரியக் காப்பி மிகுதியாகப் பயிரிடப்பட்டது. காப்பிச் செடிக்கு இலைதின்னும் புழுக்கள் பகையாக வந்தன. இலங்கையில் காகம் புழு பொறுக்குவதைக் கண்டிருந்தவர்களுக்கு ஒரு வழி தோன்றிற்று. அந்நூற்றாண்டு முடிந்து இருபதாம் நூற்றாண்டு பிறந்த காலத்தை ஒட்டி, இலங்கையிலிருந்து காகங்கள் கப்பலில் கொண்டுவரப்பட்டுக் கிள்ளானில் விடப்பட்டன.

விளைவு யாது? காப்பி நிலைக்கவில்லை. உலகச் சந்தையில் அதன் விலை சரிந்தது. துரைமார் காப்பியைக் களைந்துவிட்டுப் பால்மரத்தை நட்டார்கள். புழுவும் போயிற்று, காப்பியும் போயிற்று, காகம் மட்டும் நின்றுவிட்டது. அதற்குப் புழு ஒன்றே உணவு அன்று. மனிதன் கழித்தெறியும் யாவும் அதற்கு உணவு. இந்தக் காகம் அடர்ந்த காட்டில் வாழ்வதில்லை. மனிதன் வாழும் இடமே அது வாழும் இடம். அருகிலே துறைமுகம், துறைமுகத்தைச் சுற்றிச் சந்தைகள், மீன் கழிவுகள், குப்பை மேடுகள். காப்பித் தோட்டத்துக்கு என்று அழைத்துவரப்பட்ட பறவை குப்பை மேட்டைத் தன் இராச்சியம் ஆக்கிக்கொண்டது. 1940களில் சிங்கப்பூரிலும் அது தென்பட்டது. பின்னாளில் இரு நாடுகளிலும் நகராட்சிகளுக்கு அது தீராத தலைவலி ஆயிற்று.

அதே ஊரில் ஒரு மருத்துவர்

காகம் வந்திறங்கிய அதே கிள்ளானில், ஏறத்தாழ அதே காலத்தில், முற்றிலும் வேறான ஒரு முயற்சி நடந்தது. 1901ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மால்கம் வாட்சன் என்னும் இளம் மருத்துவர் அவ்வூர் அரசு மருத்துவராக வந்து சேர்ந்தார். ஊரெங்கும் குளிர்காய்ச்சல். அவ்வாண்டு செப்டம்பரில் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம், அங்கு வேலை செய்தோர் காய்ச்சலில் விழுந்ததால் மூடப்படும் நிலையை எட்டியது.

மலேரியாவைப் பரப்புவது கொசு என்னும் உண்மை அப்போது மிகப் புதியது. 1897இல் தான் ரொனால்டு ராஸ், செகந்தராபாத்தில் அனாபிலிஸ் கொசுவின் வயிற்றில் அக்காய்ச்சலின் கிருமியைக் கண்டிருந்தார். அக்கண்டுபிடிப்புக்காக 1902இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வாட்சன் அவ்வறிவைக் கையிலெடுத்தார். கொசுவை அடித்து மாளாது என்பது அவருக்குத் தெரியும். ஆகவே, அது பிறக்கும் இடத்தை நாடினார். ஊரைச் சூழ்ந்த சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்தார்; பள்ளங்களை மேடாக்கினார்; ஊரை ஒட்டிய சதுப்புக் காட்டை வெட்டித் திறந்தார்.

கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் சேர்த்து 1901ஆம் ஆண்டில் காய்ச்சலால் இறந்தோர் 368 பேர். 1902இல் அவ்வெண்ணிக்கை 59. 1903இல் 46. கொசுவேட்டை ஆடாமலே கொசுவை வென்ற வரலாறு இது.

இவ்வரலாற்றின் இரண்டாம் பகுதி முதற்பகுதியினும் சிறந்த பாடமாகும். கிள்ளான் வெற்றியைக் கேட்ட துரைமார், மலைச்சரிவிலுள்ள தோட்டங்களிலும் அவ்வாறே காட்டை வெட்டி ஓடைகளைத் திறந்துவிட்டார்கள். அங்கே காய்ச்சல் குறையவில்லை; முன்னினும் மிகுந்த இடங்களும் உண்டு. காரணம் என்ன? தாழ்நிலத்துக் கொசு வேறு. மலைநிலத்துக் கொசு வேறு. சதுப்பில் வளர்ந்த கொசு நிழலையும் தேங்கிய நீரையும் விரும்பியது. மலைப்பாங்கில் நோய் பரப்பிய மாக்குலேட்டஸ் என்னும் இனமோ, வெயில் படும் தெளிந்த ஓடையிலே முட்டையிடுவது. காட்டை வெட்டி ஓடைக்கு வெயில் காட்டியது, பகைவனுக்குத் தொட்டில் கட்டிக் கொடுத்தது போலாயிற்று. பின்னர் வாட்சனும் பிறரும் ஆராய்ந்து, மலைத் தோட்டங்களில் ஊற்று நீரை மண்ணுக்கடியிலே குழாய் பதித்துக் கொண்டுசென்றனர். ஓடைகளில் எண்ணெய் தெளித்தனர்.

இந்தக் கொசுக்கள் கடித்துக் காய்ச்சலில் மாண்டவர் யார்? புதுக்காடு வெட்டித் தோட்டம் திறக்க நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்த தமிழ்ப் பாட்டாளிகளே பெரும்பகுதியினர். லயங்களில் கொய்னாவை விழுங்கிக் குளிரில் நடுங்கியவர்களின் உயிர், ஒரு கொசுவினம் வெயிலை விரும்புமா, நிழலை விரும்புமா என்னும் வினாவுக்குக் கிடைக்கும் விடையிலே தொங்கிக்கொண்டிருந்தது. சிற்றுயிர்களின் வாழ்க்கையை ஆராய்வது வேலையற்றோர் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

தலையை எண்ணும் போர்

காரணத்தை நாடாமல் கொன்றவற்றின் எண்ணிக்கையையே வெற்றியாகக் கொண்ட முயற்சிகளும் உண்டு. 1902இல் ஹனோய் நகரை ஆண்ட பிரெஞ்சுக்காரர், சாக்கடைகளில் பெருகிய எலிகளை ஒழிக்க, எலிவால் ஒன்றுக்கு இவ்வளவு காசு என்று பரிசு அறிவித்தனர். வால்கள் குவிந்தன. சில நாளில் வாலற்ற எலிகள் தெருவில் ஓடக் கண்டனர். வாலை அறுத்துக்கொண்டு எலியை உயிரோடு விட்டால்தானே அது மேலும் குட்டி போடும்! பரிசுக்காக எலி வளர்த்தோரும் இருந்தனர். அரசு பரிசை நிறுத்த வேண்டியதாயிற்று.

சீனத்தில் 1958இல் எலி, ஈ, கொசு, சிட்டுக்குருவி ஆகிய நான்கையும் ஒழிக்கும் இயக்கம் எழுந்தது. தானியம் தின்கிறது என்பது குருவியின்மேல் சாட்டிய குற்றம். மக்கள் பறையடித்தும் தகரம் தட்டியும் குருவிகளை அமரவிடாமல் விரட்டி, களைத்து விழச் செய்தார்கள். அதே குருவி தன் குஞ்சுகளுக்குப் புழு பூச்சிகளையே ஊட்டுகிறது என்பதை அறிஞர்கள் எடுத்துரைத்த பின், 1960இல் குருவியின் பெயர் அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு மூட்டைப்பூச்சியின் பெயர் சேர்க்கப்பட்டது.

நம் காகத்தின் கதையும் இவ்வகையதே. கிள்ளானிலும் சிங்கப்பூரிலும் ஆண்டுக்கணக்கில் துப்பாக்கி கொண்டு காகங்களைச் சுட்டார்கள். சுட்ட இடத்தில் சில நாள் அமைதி. பின்பு மீண்டும் கரைதல். உணவு குறையாத இடத்திலே பத்துக் காகங்களைக் கொன்றால், எஞ்சியவற்றுக்குப் பங்கு கூடுகிறது. அவற்றின் குஞ்சுகள் மிகுதியாகப் பிழைக்கின்றன. அயலிலிருந்தும் புதியவை வருகின்றன. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காகம் கூடு கட்டும் மரங்களை ஆராய்ந்து 2002இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அடர்ந்த மரக்கிளைகளைக் கழித்தல், குப்பைத் தொட்டிகளை மூடி உணவை மறுத்தல் ஆகியனவே அத்தகைய ஆராய்ச்சி காட்டும் வழி. நூறு ஆண்டு சுற்றி வந்து, வாட்சன் கொசுவுக்குச் செய்ததையே காகத்துக்கும் செய்ய வேண்டும் என்னும் முடிவுக்கு வந்திருக்கிறோம்.

செம்பனையும் எலியும்

இனி எலிக்கு வருவோம். 1917இல் சிலாங்கூரில் தென்னமராம் தோட்டத்தில் ஹென்றி ஃபோக்கோனியே என்பவர் வணிகத்துக்காகச் செம்பனையை நட்டார். 1960கள் முதல் பால்மரத்தின் இடத்தைச் செம்பனை விரைந்து பிடித்தது. ஆண்டு முழுதும் குலை தள்ளும் செம்பனை, எலிக்கு ஆண்டு முழுதும் விருந்து வைத்தது. புதர்க்காட்டிலே அரைவயிறாய் வாழ்ந்த ஓர் எலியினம் தோட்டங்களில் பெருகிற்று. பழத்தைக் கொறித்தது; இளங்கன்றின் குருத்தைக் கடித்தது. தடுக்காவிட்டால் எண்ணெய் விளைச்சலில் நூற்றுக்கு 5 பங்கு வரை இழப்பு நேரும் என்று கணித்தார்கள்.

அதற்கு எதிராக வந்தது வார்ஃபரின் என்னும் நஞ்சு. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில், கெட்டுப்போன தீவனத்தைத் தின்ற மாடுகள் இரத்தம் ஒழுகி இறந்த காரணத்தை ஆராய்ந்தபோது தோன்றியது அது. எலிநஞ்சாக 1948இல் விற்பனைக்கு வந்தது. அதைத் தின்ற எலியின் இரத்தம் உறைவதில்லை. உள்ளே கசிந்து கசிந்து சில நாளில் இறக்கும். உடனே இறவாமையால் மற்ற எலிகள் ஐயுறுவதில்லை. மெழுகிலே தானியமும் நஞ்சும் கலந்து கட்டியாக்கி, வெளிக்காட்டு வேலையாட்கள் மரத்துக்கு மரம் வைத்துச் சென்றார்கள்.

முதலில் நல்ல பயன் கிடைத்தது. ஆனால், நஞ்சைத் தாங்கிப் பிழைத்த சில எலிகளின் வழிவந்தவை மெல்ல மெல்லப் பெருகின. 1958இலேயே ஸ்காட்லாந்தில் இது காணப்பட்டது. 1980களில் மலேசியத் தோட்டங்களிலும் காணப்பட்டது. ஆகவே, முன்னதினும் கொடிய நஞ்சுகள் வந்தன. அவை எலியின் உடலில் நெடுநாள் தங்குவன. நஞ்சுண்ட எலியைத் தின்ற உயிரும் மடியலாயிற்று. அவ்வாறு மடிந்த உயிர்களுள் ஒன்று, எலியை ஒழிக்க வல்ல இயற்கைத் துணைவனே என்பதுதான் இதிலுள்ள அவலம். அத்துணைவன் கூகை.

கூகையின் வருகை

கூகை என்றவுடன் நம்மவர்க்கு அச்சம் பிறக்கும். சாவுக்குருவி என்று அதற்குப் பெயர் வைத்தோம். மலாய் மக்களும் ஆந்தை இனத்தைப் பேய்ப்பறவை என்னும் பொருளில் பூரோங் ஹந்து என்றே அழைக்கின்றனர். ஆனால், சங்கப் புலவர் கூகையை அஞ்சியதோடு நிற்காமல் உற்றும் நோக்கினர். நற்றிணையின் 83ஆம் பாடலில், ஊர் வாயிலில் உள்ள முதுமரத்துக் கூகையைத் தோழி விளித்து வேண்டுகிறாள்: தலைவன் வரும் இரவிலே நீ குழறி அச்சுறுத்தாதே, உனக்கு ஊன் கலந்த நெய்ச்சோறும் சுட்ட எலியும் நிறையத் தருவோம் என்கிறாள். கூகைக்குக் கையூட்டுக் கொடுக்க வேண்டுமென்றால் எலியைத்தான் கொடுக்க வேண்டும் என்பது, அப்புலவருக்கு நன்கு தெரிந்திருந்தது.

மலாயாத் தீபகற்பத்தில் வெண்முகக் கூகை ஒரு காலத்தில் அரிய பறவை. 1960களின் இறுதியில், ஜொகூரில் செம்பனைத் தோட்டம் ஒன்றில் அது கூடு கட்டியிருந்தது பதிவாயிற்று. எலி நிறைந்த தோட்டத்தில் அதற்கு உணவுக்குப் பஞ்சமில்லை. குறை ஒன்றே ஒன்று: குடியிருக்க வீடில்லை. கூகை, மரப்பொந்திலும் கட்டடங்களின் மோட்டிலும் முட்டையிடும் பறவை. செம்பனையிலே பொந்து ஏது?

1970களில் கிரகாம் லெண்டன் என்னும் ஆய்வாளர், மலாயாப் பல்கலைக்கழகத்தின் வழியே இப்பறவையை ஆராய்ந்தார். கூகை, தான் விழுங்கிய எலியின் எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடும். அவ்வுருண்டைகளைப் பிரித்துப் பார்த்தால் அது தின்றது இன்னதென்று திட்டமாகத் தெரிந்துவிடும். தோட்டத்துக் கூகை உண்பது ஏறத்தாழ முழுவதும் எலியே என்பது அவ்வாறு உறுதிப்பட்டது. ஓர் இணை, தன் குஞ்சுகளோடு சேர்ந்து ஓராண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளை உண்ணும் என்று கணக்கிட்டனர். ஆகவே, கம்பத்தின்மேல் பலகைப் பெட்டி செய்து வைத்தார்கள். கூகைகள் குடியேறின. பத்து எக்டேருக்கு ஒரு பெட்டி என்னும் அளவில் பல தோட்டங்கள் அவற்றை நிறுவின. பின்னர்ச் சிலாங்கூரின் நெல்வயல்களுக்கும் அம்முறை பரவியது.

இவ்வேலைக்குக் கூகையைப் போலப் பொருத்தமான பறவை கிடைப்பது அரிது. முழு இருளிலும் செவிப்புலன் ஒன்றையே கொண்டு இரையை அது பிடிக்கும் என்பதை ரோஜர் பெய்ன் என்னும் அமெரிக்க அறிஞர் சோதனையால் காட்டினார். அதன் இரு செவித் துளைகளும் ஒரே உயரத்தில் அமைந்தவை அல்ல. அவ்வேறுபாட்டால் ஒலி மேலிருந்து வருகிறதா, கீழிருந்து வருகிறதா என்பதை அது அறிகிறது. சிறகின் ஓரம் சீப்புப் போல் அமைந்திருப்பதால் பறக்கும்போது ஓசையும் எழுவதில்லை.

கூகை மட்டுமே எல்லாம் செய்துவிடும் என்று கூறுவது மிகையாகும். எலி அளவு மீறிப் பெருகிவிட்ட தோட்டத்தில் முதலில் அதன் தொகையைக் குறைத்தாக வேண்டும். குறைந்ததை மீண்டும் பெருகவிடாமல் காப்பதே கூகையின் பணி. கூகையை நம்பியோர் கொடிய நஞ்சை விலக்க வேண்டும். நஞ்சையும் வைத்துப் பெட்டியையும் வைப்பது, காவற்காரனை அமர்த்தி அவன் சோற்றிலே நஞ்சு கலப்பதற்கு ஒப்பாகும்.

இடமறிந்து செய்தல்

அப்படியானால் கூகையை எங்கும் கொண்டு சென்று விடலாமோ? கூடாது. 1949இல் செஷெல்ஸ் தீவுகளுக்கு எலியை ஒழிக்கக் கூகையைக் கொண்டுபோனார்கள். அங்கே அது எலியோடு நில்லாமல், எளிதில் அகப்பட்ட வெண்ணிறக் கடற்பறவைகளை வேட்டையாடிற்று. 1958இல் ஹவாய்த் தீவுகளுக்குக் கொண்டுபோனபோதும் உள்ளூர்ப் பறவைகளுக்குக் கேடு விளைந்தது. அதற்கு முன்பே, 1872இல், கரும்புத் தோட்டத்து எலிகளுக்காகக் கல்கத்தாவிலிருந்து ஒன்பது கீரிகள் ஜமைக்காவுக்குச் சென்றன. கீரி பகலில் திரிவது; எலி பெரும்பாலும் இரவில் திரிவது. ஆகவே கீரி, தரையில் கூடு கட்டும் பறவைகளையும் ஓணான்களையும் கோழிகளையும் தின்று பெருகிற்று.

கிள்ளான் காகத்தையும் ஜொகூர்க் கூகையையும் பிரிக்கும் கோடு இதுவே. காகத்தை மனிதன் இழுத்து வந்தான். கூகை இந்நிலத்துக்கு உரிய பறவை, தானே வந்தது. காகம் எதையும் தின்னும். தோட்டத்துக் கூகை எலியையே தின்னும். முன்னதில் மனிதன் ஓர் உயிரை ஏவினான். பின்னதில் ஓர் உயிருக்கு இல்லாத குறையை அறிந்து நீக்கினான்.

வீட்டிலும் பள்ளியிலும்

எலியை அப்படியே விட்டுவிடுதல் அருள் ஆகாது. எலிக்காய்ச்சல் உயிரைக் குடிக்கும் நோய். உணவை மாசுபடுத்தும் உயிரைத் தடுத்தே ஆக வேண்டும். ஆனால் தடுப்பதற்கு ஒரு முறை வரிசை உண்டு. முதலில் உணவை மறுக்க வேண்டும்: சோறும் எச்சிலும் இரவில் திறந்து கிடத்தல் ஆகாது, குப்பைத் தொட்டிக்கு மூடி வேண்டும். அடுத்து, வழியை அடைக்க வேண்டும்: சுவரின் ஓட்டையும் கதவின் அடி இடைவெளியும் எலிக்கு இராசபாட்டை. தேங்கிய நீரை வாரந்தோறும் கொட்ட வேண்டும். ஏடிஸ் கொசு பூச்சட்டித் தட்டிலேயே குடும்பம் நடத்தும். கொல்லுதல் இவற்றுக்கெல்லாம் பின்னே வரும் கடைசி வழி. அதுவும் நொடியில் முடிவதாக இருத்தல் வேண்டும். பசைப்பலகையில் ஒட்டிக்கொண்ட எலி மணிக்கணக்கில், சிலபோது நாட்கணக்கில் துடிக்கிறது. இங்கிலாந்தில் பொதுமக்கள் அப்பலகையைப் பயன்படுத்துவதைத் தடுக்க 2022இல் சட்டமே இயற்றினார்கள். அருள் என்பது ஈரநெஞ்சத்தின் பலவீனம் அன்று. கொடுமையான வழி பெரும்பாலும் அறியாத வழியாகவே இருக்கிறது என்பதற்கு நாம் மேலே கண்ட வரலாறே சான்று.

தமிழாசிரியர்கள் இவ்வரலாற்றை வகுப்பறைக்குக் கொண்டுசெல்லலாம். நற்றிணைக் கூகையைப் பாடமாக நடத்தும்போது, செம்பனைத் தோட்டத்துப் பலகைப் பெட்டியையும் மாணவர்க்குச் சொல்லலாம். நம் முன்னோர் பலர் உழைத்த தோட்டங்களில், அவர்கள் பேரர்கள் சாவுக்குருவி என்று அஞ்சிக் கல்லெறியும் பறவை, அறுவடையைக் காக்கும் காவற்காரன் என்று அறிந்தால் எறியும் கை தாழும். இரவிலே கூகை குழறும்போது வீட்டில் சாவு வரும் என்று நடுங்கிய காலம் போகட்டும். சாவு வருவது மெய்தான். ஆனால் அது எலிக்கு.